பெட்டி வாங்கும் முன் தூசிக்கு வழி பாருங்கள்

(நமது அறக்கட்டளை நடத்திய சிறுதொழில் செய்வோர் கூட்டத்தில், தொழில் உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

அல்லாஹ்வின் கிருபையால், வட்டியில்லாக் கடன் கேட்டு நம்மிடம் வரும் மனுக்கள் ஆண்டுதோறும் கூடி வருகின்றன. முன்பெல்லாம் தையல் மெஷின், தள்ளுவண்டி, ஆட்டோ என்றுதான் கேட்பார்கள். இப்போது சாண்ட் பிளாஸ்டிங் கேபினெட் கேட்டு வருகிறார்கள். வண்டியின் அலாய் வீலைச் சுத்தம் செய்து பவுடர் கோட்டிங் போடுபவர் கேட்கிறார். பவுண்டரியிலிருந்து வரும் பம்ப் பாகங்களைத் துடைத்துக் கொடுப்பவர் கேட்கிறார். கண்ணாடியில் பூவேலை செய்பவரும், கிரானைட் கல்லில் பெயர் வெட்டுபவரும் கேட்கிறார்கள். எல்லாம் ஹலாலான உழைப்பு. உதவுவது நம் கடமை.

ஆனால் மனுவோடு வரும் விலைப்பட்டியலைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. கேபினெட் இருக்கிறது, கம்ப்ரஸர் இருக்கிறது, நாசில் இருக்கிறது. தூசியைப் பிடிக்கும் டஸ்ட் கலெக்டர் மட்டும் இருப்பதில்லை. இருந்தாலும் கடைசி வரியில், ஒரு புளோயரும் ஒரு துணிப் பையும் என்று இருக்கிறது. ஆகவே நம் குழு ஒரு முடிவு எடுத்திருக்கிறது. தகுந்த டஸ்ட் கலெக்டர் இல்லாத கேபினெட் மனுவை முழுமையான மனுவாக எடுத்துக்கொள்ள மாட்டோம். இரண்டுக்கும் சேர்த்தே கடன் தருவோம். இந்தக் கண்டிப்பு ஏன், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஆளைக் கொல்லும்

பட்டறையில் பறக்கும் தூசியைப் பார்த்து நாம் பயப்படுகிறோம். கண்ணுக்குத் தெரிகிற தூசி பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். சளியாக வெளியே வந்துவிடும். நுரையீரலின் அடிவரை போவது அதைவிட மிக நுண்ணியது. ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். சுமார் 5 மைக்ரானுக்குக் கீழே உள்ள தூள்தான் நுரையீரலின் காற்றுப் பைகளில் போய் உட்காருகிறது. வெயில் கீற்று விழுந்தாலொழிய அது கண்ணில் படாது. பல மணி நேரம் காற்றிலேயே மிதக்கும்.

அந்தத் தூளில் ஸிலிக்கா, அதாவது மணலில் உள்ள படிகப் பொருள் இருந்தால், நுரையீரலில் தழும்பு விழுகிறது. இதற்குப் பெயர் ஸிலிகோஸிஸ். வழக்கமாக 10, 20 ஆண்டுகள் கழித்து வெளிப்படும். தூசியின் அளவு மிக அதிகமாக இருந்தால் ஓரிரு ஆண்டுகளிலேயே, சில நேரம் மாதங்களிலேயே வந்துவிடும். விழுந்த தழும்பை மாற்ற மருந்து கிடையாது. இந்த நோய் உள்ளவருக்குக் காச நோய் எளிதில் பிடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, இந்தப் படிக ஸிலிக்காத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 1997இல் முதல் பிரிவில் சேர்த்தது.

துருக்கியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஜீன்ஸ் துணி பழையது போல வெளுத்துத் தெரிய வேண்டும் என்பதற்காக, இஸ்தான்புல் போன்ற நகரங்களின் சிறு பட்டறைகளில் அதன்மேல் மணலை ஊதினார்கள். காற்றோட்டமில்லாத அறை, முகத்தில் சாதாரணத் துணி முகமூடி. கிழக்குப் பகுதிக் கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்த இளைஞர்கள் பலர் அந்த வேலையில் சேர்ந்தார்கள். சில ஆண்டுகளிலேயே மூச்சு வாங்கத் தொடங்கியது. இருபதுகளில் இருந்தவர்கள் பலர் மவுத்தானார்கள். 2009இல் துருக்கி அரசு ஜீன்ஸ் துணியில் மணல் ஊதும் வேலையைத் தடை செய்தது. நம்மைப் போல நோன்பு வைத்து, ஜும்ஆவுக்குப் போய் வந்த பிள்ளைகள்தான் அவர்கள். கூலி ஒழுங்காகக் கிடைத்தது. மூச்சுதான் திரும்பக் கிடைக்கவில்லை.

முதலில் மணலை நிறுத்துங்கள்

எந்தக் கலெக்டர் வாங்குவது என்று பார்க்கும் முன், பெட்டிக்குள் எதை ஊதுகிறோம் என்று பாருங்கள். ஆற்று மணலையும் கடற்கரை மணலையும் ஊதாதீர்கள். பிரிட்டனில் 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலை ஊதுவது தடுக்கப்பட்டது. கார்னெட், அலுமினியம் ஆக்ஸைடு, கண்ணாடி மணி, இரும்புக் கிரிட் என்று வேலைக்கு ஏற்ற பொருள்கள் இன்று கிடைக்கின்றன. விற்பவரிடம் அதில் படிக ஸிலிக்கா எவ்வளவு என்று கேளுங்கள். 1 சதவீதத்துக்கும் குறைவு என்று எழுத்தில் தருபவரிடம் வாங்குங்கள். இவை உடனே தூளாகிப் போவதில்லை. சலித்துத் திரும்பப் பயன்படுத்தலாம். அதனால் செலவும் தோன்றுகிற அளவுக்குக் கூடாது.

கிரிட்டை மாற்றிவிட்டோம், இனிக் கலெக்டர் எதற்கு என்று கேட்கக்கூடாது. ஊதுகிற பொருளில் ஸிலிக்கா இல்லாவிட்டாலும், ஊதப்படுகிற பொருளில் இருக்கும். பவுண்டரி வார்ப்பில் அச்சு மணல் ஒட்டியிருக்கும். கிரானைட்டே ஸிலிக்கா நிறைந்த கல். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். ஆகவே தூசியைப் பிடித்தே ஆக வேண்டும்.

எவ்வளவு காற்றை இழுக்க வேண்டும்?

கலெக்டரின் வேலை தூசியைப் பையில் சேர்ப்பது மட்டுமல்ல. கேபினெட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளிக்காற்றைவிடக் குறைவாக வைத்திருப்பதும் அதன் வேலைதான். அப்படி இருந்தால், கதவு இடுக்கிலும் கையுறை ஓட்டையிலும் காற்று உள்ளே போகும். தூசி வெளியே வராது. உள்ளே இழுப்பதைவிட நாசில் ஊதும் காற்று அதிகமாகிவிட்டால், பெட்டியே தூசியை ஊதும் துருத்தியாகிவிடும்.

கணக்கு எளிது. கேபினெட்டின் நீளம், அகலம், உயரத்தை அடியில் அளந்து பெருக்குங்கள். அதை 20ஆல் பெருக்குங்கள். ஒரு நிமிடத்துக்கு 20 முறை பெட்டியின் காற்று மாற வேண்டும் என்பது தொழில் காற்றோட்டப் பொறியியலில் பின்பற்றப்படும் அளவு. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள பெட்டி 16 கன அடி. 20ஆல் பெருக்கினால் 320. ஆகவே நிமிடத்துக்கு 320 கன அடி, கடைக்காரர் மொழியில் 320 சி.எஃப்.எம். இழுக்கும் கலெக்டர் வேண்டும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் சரிபாருங்கள். கால் அங்குல நாசில் 80 பவுண்டு அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 70 கன அடி காற்றைப் பெட்டிக்குள் தள்ளும். 320இல் அந்த 70 போனால், மீதி 250 கன அடி வெளியிலிருந்து வர வேண்டும். காற்று நுழையும் வாய்களின் மொத்தப் பரப்பு அரைச் சதுர அடி என்றால், அங்கே காற்றின் வேகம் நிமிடத்துக்கு 500 அடி. அந்த வேகம் இருந்தால்தான் தூசி எதிர்த்து வெளியே வராது. அந்த வாய்களுக்கு ரப்பர் மடல் போட்டு, தெறிக்கும் கிரிட் வெளியே வராமல் மறைக்க வேண்டும். தேவைக்கு மேல் இழுத்தாலும் நஷ்டம்தான். நல்ல கிரிட்டும் சேர்ந்து போய்விடும். ஆகவே குழாயில் ஒரு டேம்பர், அதாவது திருப்பி அடைக்கும் தகடு இருக்கட்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். புளோயரின் பெயர்த்தகட்டில் 600 சி.எஃப்.எம். என்று போட்டிருக்கும். அது எந்தத் தடையும் இல்லாமல் வெறும் காற்றில் ஓடும்போது உள்ள அளவு. ஃபில்டரும் குழாயும் மாட்டினால் அந்த அளவு வெகுவாகக் குறைந்துவிடும். ஃபில்டர் அழுக்கேறியிருக்கும்போது 4 முதல் 6 அங்குல நீர்மட்டம் வரை தடை வரும். அந்தத் தடையில் எவ்வளவு காற்று இழுக்கும் என்று கேளுங்கள். நல்ல தயாரிப்பாளரிடம் அதற்கான வரைபடம் இருக்கும். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

பெரிய குழாய் நல்ல குழாய் அல்ல

பெட்டிக்கும் கலெக்டருக்கும் நடுவே உள்ள குழாயைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கையில் கிடைத்த 6 அங்குலக் குழாயை மாட்டிவிடுகிறார்கள். குழாய்க்குள் காற்று நிமிடத்துக்கு 3,500 அடிக்குக் குறையாமல் ஓடினால்தான் தூசி கீழே படியாமல் போய்ச் சேரும். நாம் சொன்ன 320 கன அடி, 4 அங்குலக் குழாயில் ஓடினால் வேகம் சுமார் 3,670 அடி. அதுவே 6 அங்குலக் குழாயில் ஓடினால் சுமார் 1,630 அடிதான். சில வாரங்களில் குழாய்க்குள் தூசி மேடு தட்டிவிடும். இழுப்பு குறையும்; யாருக்கும் காரணம் தெரியாது.

குழாய் குட்டையாக, நேராக இருக்கட்டும். வளையும் இடத்தில் முழங்கை போல மடிக்காமல் சாய்வாக வளையுங்கள். சுருள் சுருளான ரப்பர் குழாய் காற்றைத் தடுக்கும். தேவையான கொஞ்ச நீளத்துக்கு மட்டும் போடுங்கள்.

எந்த வகை வாங்குவது?

சந்தையில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

துணிப் பை: மரப் பட்டறைக்காக நெய்த பை இழைப்புச் சுருளையும் மரத்தூளையும் பிடிக்கும். நம் வேலையில் வரும் நுண்தூளை அது நெய்த இடைவெளி வழியே வெளியே விட்டுவிடும். பை நிறைந்திருக்கிறது, தரை சுத்தமாக இருக்கிறது என்று நாம் திருப்திப்படுவோம். ஆளைக் கொல்லும் தூசி பட்டறைக் காற்றிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த வேலைக்கு இது வேண்டாம்.

வேக்குவம் கிளீனர்: மேசைமேல் வைக்கும் சின்னப் பெட்டிக்கு, எப்போதாவது ஊதுபவருக்கு, ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக இருந்தால் சமாளிக்கலாம். நாள் முழுதும் ஓடும் தொழிலுக்கு அது தாங்காது. ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்; மோட்டார் சூடேறிப் போய்விடும்.

சைக்ளோன்: காற்றைச் சுழற்றித் தூசியைக் கீழே தள்ளும் கூம்பு. 10 மைக்ரானுக்கு மேற்பட்டதை நன்றாகப் பிரிக்கும். அதற்கும் நுண்ணியதை விட்டுவிடும். நல்ல கிரிட்டைத் திரும்ப எடுக்கவும், ஃபில்டரின் சுமையைக் குறைக்கவும் இது மிகவும் உதவும். ஆனால் இதை மட்டும் நம்பி இருக்கக்கூடாது.

கார்ட்ரிட்ஜ் கலெக்டர்: தினசரித் தொழிலுக்கு நாம் பரிந்துரைப்பது இதைத்தான். மடிப்பு மடிப்பான ஃபில்டர் உருளைகள் உள்ளே நிற்கும். தூசி அவற்றின் மேற்புறத்தில் படியும். கம்ப்ரஸர் காற்றை உள்ளிருந்து படீரென்று விட்டு அதை உதிர்ப்பார்கள். இதைப் பல்ஸ் ஜெட் என்கிறார்கள். ஃபில்டரின் பரப்பை விசாரியுங்கள். ஒரு சதுர அடிக்கு 2 சி.எஃப்.எம்.முக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. 320 சி.எஃப்.எம்.முக்கு 160 சதுர அடி வேண்டும். பரப்பைக் குறைத்துத்தான் விலையைக் குறைத்துக் காட்டுகிறார்கள். அதோடு, தடையைக் காட்டும் அழுத்த மீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஃபில்டர் அடைத்ததா, கிழிந்ததா என்று தெரியாது. கம்ப்ரஸரில் சேரும் தண்ணீரைத் தினமும் வடியுங்கள். ஈரக்காற்று பட்டால் தூசி களிமண்ணாகி ஃபில்டரில் ஒட்டிக்கொள்ளும்.

வடிகட்டிய காற்று எங்கே போகிறது என்பதும் முக்கியம். பட்டறைக்குள்ளேயே திரும்ப விடுவதானால், கார்ட்ரிட்ஜுக்குப் பிறகு ஒரு ஹெப்பா ஃபில்டர் கட்டாயம். 0.3 மைக்ரான் அளவுத் தூசியில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதற்குத்தான் ஹெப்பா என்று பெயர். வெளியே விடுவதானால், வடிகட்டிய பிறகுதான் விட வேண்டும். நம் பட்டறைகள் பல சந்துக்குள் இருக்கின்றன. அடுத்த சுவரில் ஒரு வீடு, எதிரே ஒரு மதரஸா. நம் ஆளின் நெஞ்சைக் காப்பாற்றி, அண்டை வீட்டுக் குழந்தையின் நெஞ்சில் அதைக் கொட்டினால் அண்டை வீட்டாரின் ஹக்கை என்ன செய்வது?

அலாய் வீல் வேலை செய்வோர் கவனத்திற்கு

அலுமினியத் தூள் நுண்ணியதாகிவிட்டால் தீப்பற்றும்; மூடிய கலெக்டருக்குள் வெடிக்கவும் கூடும். அதோடு இரும்புத் துருத் தூள் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். காலையில் இரும்பு கேட், மாலையில் அலாய் வீல் என்று ஒரே கலெக்டரில் மாற்றி மாற்றி ஊதாதீர்கள். அலுமினிய வேலை அதிகம் செய்பவர், வாங்கும்போதே தயாரிப்பாளரிடம் அதைச் சொல்லி, அதற்கென்று செய்த கலெக்டரைக் கேளுங்கள். தூசி ஓடும் குழாயில் நிலைமின்சாரம் உண்டாகும். கேபினெட், குழாய், கலெக்டர் மூன்றுக்கும் எர்த் கொடுங்கள். சேர்ந்த தூளை அன்றாடம் அகற்றுங்கள். பக்கத்தில் வெல்டிங்கோ கிரைண்டிங்கோ வேண்டாம்.

வாங்கிய பிறகு

நல்ல கலெக்டர் வாங்கியும் நோய் வரும் இடம் ஒன்று உண்டு. அது தூசி டப்பாவைக் காலி செய்யும் நேரம். எட்டு மணி நேரம் பிடித்த தூசியை ஒரே நிமிடத்தில் முகத்தில் கொட்டிக்கொள்வார்கள். டப்பாவுக்குள் முதலிலேயே தடித்த பிளாஸ்டிக் பையைப் போட்டு வையுங்கள். கட்டி, அப்படியே இன்னொரு பைக்குள் வையுங்கள். அந்த நேரத்தில் என்95 அல்லது அதற்கும் மேலான முகமூடி போட வேண்டும். கைக்குட்டை கட்டுவது எதையும் தடுக்காது. காற்றடித்தோ, காய்ந்த துடைப்பத்தாலோ பட்டறையைச் சுத்தம் செய்யாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். ஊதி முடித்ததும் உடனே கதவைத் திறக்காமல், கலெக்டரை இரண்டு நிமிடம் ஓடவிட்டுத் திறக்கச் சொல்லுங்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அலுமினிய வேலை இல்லாத பட்டறையில், பெட்டி காலியாக இருக்க, கலெக்டரை மட்டும் ஓடவிட்டு, காற்று நுழையும் வாய்க்கும் கதவு இடுக்குக்கும் சற்றுத் தள்ளி ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். இரண்டு, இரவில் விளக்கை அணைத்து, வேலை நடக்கும்போது வலுவான டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். அந்தக் கீற்றில் தூசி நடனமாடினால், எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து அடையுங்கள். அழுத்த மீட்டரின் அளவை ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வையுங்கள். திடீரென்று குறைந்தால் ஃபில்டர் கிழிந்திருக்கலாம். கூடிக்கொண்டே போனால் அடைத்துவிட்டது.

வேலைக்கு ஆள் சேர்க்கும்போதே நெஞ்சு எக்ஸ்ரேயும் மூச்சுப் பரிசோதனையும் எடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப எடுங்கள். தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. கணவருக்கோ பிள்ளைக்கோ விடாத இருமலும் மூச்சு வாங்கலும் இருந்தால், டாக்டரிடம் அவர் செய்யும் வேலை என்ன என்பதை முதலில் சொல்லுங்கள். ஸிலிகோஸிஸைக் காச நோய் என்று எண்ணி மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்கள் உண்டு. வேலை என்னவென்று தெரிந்தால் டாக்டர் சரியான திசையில் பார்ப்பார்.

சகோதரர்களே! 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவே, தூசி எங்கே கிளம்புகிறதோ அதற்கு மிக அருகிலேயே அதை இழுத்து அகற்ற வேண்டும் என்றது. ஸிலிகோஸிஸ் வந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அதன் மூன்றாம் அட்டவணையில் சேர்த்தது. 10 பேருக்கும் குறைவாக வேலை செய்யும் நம் பட்டறைகளை அந்தச் சட்டம் பெரும்பாலும் எட்டவில்லை. அல்லாஹ்வின் பார்வை எட்டாத பட்டறை எதுவும் இல்லை. கூலியைத் தாமதமில்லாமல் கொடுப்பதில் நம்மில் பலர் மிகவும் பேணுதலாக இருக்கிறோம். நம்மிடம் வேலைக்கு வரும் பிள்ளையின் மூச்சும் அவனுடைய தாய் நம்மிடம் ஒப்படைத்த அமானத்துதான். எத்தனையோ ஆண்டுகள் கழித்து வரும் நோய்க்கு இன்று யாரும் நம்மிடம் கணக்குக் கேட்க மாட்டார்கள். கேட்கும் நாள் ஒன்று இருக்கிறது.

ஆகவே, கேபினெட்டுக்கு மனுப்போட நினைப்பவர்கள் மூன்றை எழுதிக் கொண்டு வாருங்கள்: பெட்டியின் நீள அகல உயரம், எந்தக் கிரிட்டை எந்தப் பொருள்மேல் ஊதப் போகிறீர்கள் என்பது, கலெக்டர் விற்பவர் எழுதித் தந்த சி.எஃப்.எம்., தடை, ஃபில்டர் பரப்பு. கணக்குப் போட நம் குழுவில் ஆள் இருக்கிறது. உட்கார்ந்து சேர்ந்து போடுவோம். ஏற்கெனவே துணிப் பையோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் தயங்காமல் வாருங்கள். பழைய கேபினெட்டுக்குக் கலெக்டர் மட்டும் வாங்குவதற்கும் கடன் உண்டு. இருவர் மூவர் சேர்ந்து ஒரே இடத்தில் ஒரு நல்ல கலெக்டர் போட்டுக்கொள்ள விரும்பினால், இன்ஷா அல்லாஹ் அதற்கும் வழி செய்வோம்.

நம் தொழிலில் பரக்கத்தையும், நம்மிடம் உழைப்பவர்களுக்கு நீண்ட ஆரோக்கியத்தையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.